கூரியர் தேர்வு: யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது

வீட்டிலிருந்தே புடவையோ அப்பளமோ பொடி வகையோ விற்கத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, "எந்த கூரியர் நல்லது?" என்பது. பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பெயர்கள் வரும். ஒருவர் மெச்சும் நிறுவனத்தின் பக்கமே போகாதீர்கள் என்று இன்னொருவர் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். ஒருவர் சென்னை அலுவலகங்களுக்குக் காகிதம் அனுப்பியிருப்பார். மற்றவர் மலையடிவாரத்துச் சிற்றூருக்குக் கண்ணாடிப் பாட்டில் அனுப்பியிருப்பார்.

நான் சுங்குடிப் புடவை அனுப்பத் தொடங்கியபோது, வழக்கறிஞர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்த நண்பர் ஒருவர் ஒரு நிறுவனத்தைப் பரிந்துரைத்தார். மூன்று புடவைகள் வைத்த என் முதல் பார்சல், வாடிக்கையாளரின் கிராமத்துக்கு இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த நகரக் கிளையில் ஒன்பது நாள் கிடந்தது. அந்த ஊருக்கு ஆள் வராது, நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். வயதான அந்த அம்மாள் பேருந்து ஏறிப் போய்த்தான் பார்சலை வாங்கினார். நண்பரின் அறிவுரையில் குற்றமில்லை. அவர் அனுப்பியவை எல்லாம் மாவட்டத் தலைநகர நீதிமன்றங்களுக்குப் போகும் காகிதங்கள். என் புடவை எந்த ஊருக்குப் போகிறது என்பதை நான்தான் அவரிடம் சொல்லவில்லை.

அறிவுரை கேட்பதற்கும் ஒரு முறை உண்டு என்று அன்று புரிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதே பாடத்தைப் பணம் கொடுத்துக் கற்க வேண்டாம் என்பதற்காக அந்த முறையை வரிசையாக எழுதுகிறேன்.

கேட்கப் போகும் முன் ஒரு தாள்

முதல் வேலை கூரியரைப் பற்றியது கிடையாது, உங்கள் சரக்கைப் பற்றியது. என்ன பொருள், கட்டிய பிறகு என்ன எடை, பெட்டியின் நீள அகல உயரம் எத்தனை சென்டிமீட்டர், ஒரு பார்சலின் மதிப்பு என்ன, மாதம் எத்தனை பார்சல், எந்தெந்த பின்கோடுகள், எத்தனை நாள் தாமதமானால் பொருள் கெடும், பணத்தை முன்கூட்டியே வாங்குகிறீர்களா, பொருளைக் கொடுக்கும்போது வாங்க வேண்டுமா ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தாள் கையில் இல்லாமல் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

பெட்டியின் அளவைப் பலர் எழுதுவதில்லை. பொருள் இலேசாகவும் பெட்டி பெரிதாகவும் இருந்தால், கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடைக்குப் பதிலாக, பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்துக்குக் கட்டணம் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுக்கிறார்கள். இதற்கு வால்யூமெட்ரிக் எடை என்று பெயர். 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் உள்ள பெட்டியில் ஒன்றரைக் கிலோ அப்பளம் வைத்து அனுப்பினால், 24,000 ஐ 5000 ஆல் வகுத்து 4.8 கிலோவுக்குப் பணம் கேட்பார்கள். சில நிறுவனங்கள் 5000 க்குக் குறைவான எண்ணால் வகுப்பதால் எடை இன்னும் கூடும். புடவை அனுப்புகிறவர் "கிலோ இவ்வளவுதான், மலிவு" என்று சொல்வது அப்பளம் அனுப்புகிறவருக்குப் பொருந்தாததற்கு இதுவே காரணம். எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்பதைக் கேட்காமல் இரண்டு நிறுவனங்களின் விலையை ஒப்பிடுவதில் பயனில்லை.

அனுப்பக் கூடாத பொருள்கள் உங்கள் பட்டியலில் உள்ளனவா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பட்டாசைக் கூரியரில் அனுப்ப முடியாது. தனி லித்தியம் பேட்டரி, வாசனைத் திரவியம் போன்றவற்றை விமானத்தில் ஏற்றுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. எண்ணெய் பிழிய வைக்கும் கொப்பரைகூட விமானப் போக்குவரத்து விதிகளில் தானாகவே தீப்பற்றக்கூடிய பொருள்களின் வகையில் வருகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. இத்தகைய பொருள்களுக்குத் தரை வழியாகச் செல்லும் சேவையைத்தான் விசாரிக்க வேண்டும்.

பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருப்பவர்கள்

ஒரு பார்சல், பதிவு செய்யும் கிளை, புறப்படும் ஊரின் ஹப் (பார்சல்களைப் பிரித்து அனுப்பும் மையம்), சேரும் ஊரின் ஹப், வீட்டுக்குக் கொண்டுபோகும் கிளை என்று குறைந்தது நான்கு கைகள் மாறுகிறது. டி.டி.டி.சி. போன்ற நிறுவனங்களில் கிளைகள் பலவற்றை நடத்துகிறவர்கள் உரிமம் பெற்ற உள்ளூர் வணிகர்கள். பலகை ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு, அக்கறை வேறு. திண்டுக்கல் கிளை பொறுப்பாக இருப்பதாலேயே பார்சல் போய்ச் சேரும் ஊரின் கிளையும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே "இந்த நிறுவனம் நல்லது" என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், "இந்த ஊரிலிருந்து, அந்த ஊருக்கு, இந்த மாதங்களில் நன்றாகச் செய்தார்கள்" என்று விரித்துப் பெற வேண்டும். விரித்துச் சொல்ல முடியாதவரின் கருத்து, எவ்வளவு நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும், உங்களுக்குப் பாதிதான் பயன்படும்.

அறிவுரைக்கும் காலாவதி உண்டு. "ரெஜிஸ்டர் தபாலில் போடுங்கள், பத்திரமாகப் போகும்" என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் இந்திய அஞ்சல்துறை 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைத்துவிட்டது. குறிப்பிட்ட நபரிடமே தபாலைக் கொடுக்க வேண்டுமென்றால், இப்போது ஸ்பீட் போஸ்ட்டிலேயே பதிவு என்ற கூடுதல் சேவையைக் கேட்டுப் பெற வேண்டும். அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டண மாற்றத்தில் இதற்கும், ஓ.டி.பி. சொன்னால் மட்டும் கொடுக்கும் சேவைக்கும், தபால் ஒன்றுக்கு 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று வைத்தார்கள். அறிவுரை சொல்பவரிடம் "நீங்கள் கடைசியாக எப்போது அனுப்பினீர்கள்?" என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்டதென்றால் புதிதாக ஒருவரிடம் விசாரிப்பது நல்லது.

யாரை நாடலாம்

உங்கள் ஊரிலேயே உங்கள் சரக்கை ஒத்த சரக்கைத் தினமும் அனுப்புகிறவரே முதல் ஆசான். சின்னாளப்பட்டியிலோ இளம்பிள்ளையிலோ புடவை அனுப்புகிறவர்கள், திருப்பூரில் உள்ளாடையும் பனியனும் சில்லறையாக அனுப்புகிறவர்கள், சிவகாசியில் காலண்டர் அனுப்புகிறவர்கள் ஆகியோருக்குத் தெரிந்த விவரம் எந்த விளம்பரத்திலும் கிடைக்காது. மாலை நான்கு மணிக்கு மேல் பிக்கப் வண்டி வரும் நேரம் என்பதால் அப்போது போய் நிற்காமல், காலையில் கடை திறந்து சற்று ஓய்ந்த நேரத்தில் போய்க் கேளுங்கள். போட்டியாளருக்கு ஏன் சொல்வார்கள் என்ற தயக்கம் வேண்டாம். வாடிக்கையாளர் பட்டியலைத்தான் வணிகர்கள் மறைப்பார்கள். கூரியர்காரரைப் பற்றிய குறையை யாரும் மறைப்பதில்லை.

இரண்டாவது ஆசானைப் பெரும்பாலோர் நினைப்பதே இல்லை: பொருளைப் பெறப்போகும் வாடிக்கையாளர். ஆர்டர் வந்தவுடன், "உங்கள் ஊருக்கு எந்த கூரியர்காரர் வீடு வரை வருகிறார்?" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். சேரும் ஊரின் கிளையைப் பற்றி அவரைவிட உறுதியாகச் சொல்லக்கூடியவர் கிடையாது. என் முதல் பார்சலுக்கு இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், தபாலில் போடுங்கள் என்று அந்த அம்மாளே சொல்லியிருப்பார். நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சலகங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது கிராமப்புறங்களில் இருக்கின்றன. தனியார் கூரியர் வண்டி போகாத ஊருக்கும் தபால்காரர் போகிறார். நகரத்துக்குள் தனியாரும் கிராமத்துக்கு அஞ்சலும் என்று பிரித்துக்கொள்வது பலருக்கும் ஒத்துவரும் என்பது என் கணிப்பு.

பல நிறுவனங்களின் பார்சலை ஒரே மேசையில் வாங்கும் முகவர்களும் நல்ல தகவல் வைத்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் அவர்களுக்குத் தரும் கமிஷன் வேறுபடலாம் என்பதை நினைவில் வையுங்கள். "எது நல்லது?" என்று கேட்டால் அவருக்கு இலாபமானதை அவர் சொல்லக்கூடும். "இந்தப் பின்கோட்டுக்கு எதில் பார்சல் திரும்பி வருகிறது?" என்று கேட்டால் உண்மை வரும், ஏனென்றால் திரும்பி வரும் பார்சல் அவருடைய கடையைத்தான் அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதன் வசவையும் அவர்தான் வாங்குகிறார்.

எப்படிக் கேட்பது, பதிலை எப்படி எடை போடுவது

"சர்வீஸ் எப்படி?" என்றால் "பரவாயில்லை" என்ற பதில்தான் வரும். நடந்த நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். கடைசியாக எப்போது பார்சல் தொலைந்தது அல்லது உடைந்தது, அப்போது யாரிடம் பேசினீர்கள், பணம் கிடைத்ததா, எத்தனை நாளில் கிடைத்தது, பில்லில் நீங்கள் போட்ட எடைக்கு மேல் எப்போதாவது கட்டணம் ஏற்றினார்களா, வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகாமலே கதவு பூட்டியிருந்தது என்று பதிவு செய்தார்களா என்பவை போன்ற கேள்விகளுக்கு விவரத்தோடு பதில் சொல்கிறவர் அனுபவித்தவர். பொத்தாம் பொதுவாகப் பாராட்டுகிறவர் அதிகம் அனுப்பாதவராக இருக்கலாம்.

ஆண்டுக்கு ஐந்து பார்சல் அனுப்பி "ஒரு பிரச்சினையும் வந்ததில்லை" என்பவரைவிட, மாதம் இருநூறு அனுப்பி "இரண்டு தொலைந்தன, ஒன்றுக்குப் பணம் தந்தார்கள், மற்றதற்கு இழுத்தடித்தார்கள்" என்பவரே எனக்கு நம்பகமானவர். தவறே நடக்காத கூரியர் உலகத்தில் கிடையாது. தவறு நடந்த பிறகு தொலைபேசியை எடுக்கிறவர்கள் யார் என்பதைத்தான் நாம் தேடுகிறோம்.

எழுதப்பட்ட விமர்சனங்களைப் படிப்பதாக இருந்தால், நிறுவனத்தின் பொதுப் பக்கத்தை விட்டுவிட்டு, வரைபடச் செயலியில் அந்தந்தக் கிளையின் பெயரில் உள்ளவற்றைப் புதியது முதலாக வரிசைப்படுத்திப் படியுங்கள். ஊர், நாள், நடந்தது மூன்றும் உள்ளவற்றை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் ஒரே நடையில் குவிந்த ஐந்து நட்சத்திரங்களைக் கடந்துவிடுங்கள். போலி விமர்சனங்களைக் கட்டுப்படுத்த இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. ஆனால் அதைப் பின்பற்றுவது தளங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பதால், சலிக்கும் வேலை இன்னும் நம்முடையதுதான்.

ரசீதின் பின்பக்கம்

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். புதியவர்கள் பெரும் பணத்தை இழப்பது இங்கேதான். கூரியர்காரர் வாயால் தரும் உறுதி எதுவாக இருந்தாலும், பொருள் தொலைந்த நாளில் பேசப்போவது ரசீதில் அச்சடித்த நிபந்தனைகள். "கம்பெனியின் பொறுப்பு இவ்வளவு ரூபாய் வரை மட்டுமே" என்ற வரி ஏறத்தாழ எல்லா ரசீதிலும் பொடி எழுத்தில் இருக்கும்.

இந்த வரிக்கு எவ்வளவு பலம் என்பதை 1996 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று காட்டுகிறது. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற ஆடை நிறுவனம் 1990 இல் ஜெர்மனியில் உள்ள வாங்குநருக்கான ஆவணங்களை டி.எச்.எல். கூரியரில் அனுப்பியது, அவை போய்ச் சேரவில்லை. மாநில நுகர்வோர் ஆணையம் நான்கு லட்சத்துக்கு மேல் இழப்பீடு வழங்கியது. ஆனால் அனுப்பியவர் கையெழுத்திட்ட ரசீதில் பொறுப்பு 100 டாலர் வரை என்று இருந்ததால், தேசிய ஆணையம் அதை 100 டாலராகக் குறைத்தது. உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நிபந்தனை அனுப்பியவரைக் கட்டுப்படுத்தும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

சாலை வழிச் சரக்குக்கு 2007 ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் உள்ளது. வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் கூரியர் நிறுவனங்களும் அதன் வரையறைக்குள் வருகின்றன. அதன் கீழ் 2011 இல் வந்த விதிகளின்படி, கூடுதல் பொறுப்புக் கட்டணம் செலுத்தாத சரக்குக்கு நிறுவனத்தின் பொறுப்பு, செலுத்திய கூலியைப் போல் பத்து மடங்கு வரைதான். 120 ரூபாய் கட்டி 6,000 ரூபாய்ப் புடவை அனுப்பினால் அந்தக் கணக்குப்படி 1,200 ரூபாய்தான் எல்லை. அரசு இச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அஞ்சல்துறையின் பொறுப்பு, 2023 ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டப்படி, விதிகளில் வகுத்த அளவோடு நின்றுவிடும்.

ஆகவே பதிவு செய்யும்போது மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். இது ஓனர்ஸ் ரிஸ்க்கா, கேரியர்ஸ் ரிஸ்க்கா? முதலாவதில் இழப்பு பெரும்பாலும் நம் தலையில். இரண்டாவதில் கூடுதல் கட்டணத்துக்கு அவர்கள் பொறுப்பேற்கிறார்கள். பொருளின் மதிப்பை ரசீதில் எழுதி, பில் நகலை இணைக்கிறீர்களா? காப்பீடு உண்டென்றால் எந்தச் சேதத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது? கண்ணாடி, திரவம், உணவுப்பொருள் ஆகியவற்றை விலக்கிவைக்கும் நிபந்தனைகளைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கட்டணத்தைக் குறைப்பதற்காக மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லும் அறிவுரையை மட்டும் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

சோதித்துப் பார்த்தல்

விசாரணைக்குப் பிறகு இரண்டு நிறுவனங்கள் எஞ்சும். அவை ஒவ்வொன்றிலும் ஐந்து பார்சலைத் தெரிந்தவர்களுக்கு அனுப்பிப் பாருங்கள். உறவினர் ஒருவர் நகரத்திலும் ஒருவர் கிராமத்திலும் இருந்தால் நல்லது. விலை மதிப்புள்ள பொருள் வேண்டாம்; ஆனால் கட்டும் முறை உண்மையான ஆர்டரைப் போலவே இருக்கட்டும். ஒரு நோட்டில் பதிவு செய்த நேரம், டிராக்கிங்கில் முதல் பதிவு தெரிந்த நேரம், போய்ச் சேர்ந்த நாள், கொடுக்கும் முன் தொலைபேசி வந்ததா, பெட்டி எந்த நிலையில் இருந்தது, பில்லில் எடை மாறியதா என்பவற்றைக் குறித்துவையுங்கள். மாலையில் எடுத்துச் சென்ற பார்சலுக்கு மறுநாள் மதியம் வரை முதல் பதிவே தெரியவில்லை என்றால், உள்ளூர்க் கிளை பார்சலைத் தேக்கிவைக்கிறது என்று பொருள்.

தீபாவளி, பொங்கல் வாரங்களில் செய்யும் சோதனை எந்த நிறுவனத்துக்கும் நியாயமாக இராது. சாதாரண மாதத்தில் சோதித்துவிட்டு, பண்டிகைக் காலத்துக்கு எத்தனை நாள் கூடுதலாக வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பழைய அனுப்புநர்களிடம் தனியாகக் கேளுங்கள்.

போலி எண்கள்

பார்சல் தாமதமானதும் தேடுபொறியில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுவது ஆபத்தான பழக்கம். போலி எண்களைப் பரப்பிவைத்து, முகவரியைச் சரிசெய்ய ஐந்து ரூபாய் கட்டுங்கள் என்று இணைப்பு அனுப்பிக் கணக்கைக் காலி செய்யும் கூட்டம் இருக்கிறது. ரசீதில் அச்சடித்த எண்ணையோ நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணையோ மட்டும் அழையுங்கள். நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள், உங்கள் அழைப்புகள் வேறொருவருக்குத் திரும்பக்கூடும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். உங்கள் வாடிக்கையாளர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

தவறு நடந்தால்

பார்சலைப் பெறுகிறவருக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லுங்கள். பெட்டி கிழிந்தோ நனைந்தோ இருந்தால், கையெழுத்துப் போடும் தாளில் "கட்டு பிரிந்த நிலையில் பெற்றேன்" என்று எழுதி, பிரிக்கும் முன் படம் எடுத்துவிட வேண்டும். தாளே இல்லாமல் ஓ.டி.பி. மட்டும் கேட்டால், எண்ணைச் சொல்வதற்கு முன்பே படம் எடுக்கட்டும்.

பொருள் தொலைந்தால் கிளையில் வாய்மொழியாகக் கெஞ்சிக்கொண்டே மாதங்களைக் கழிக்காதீர்கள். மேலே சொன்ன 2007 சட்டப்படி, வழக்குத் தொடரும் முன் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். அதுவும் பார்சலைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள். "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்ற பதிலை நம்பிக் காத்திருப்பவர்கள் இந்த நாளைத் தவறவிடுகிறார்கள். பதினைந்து நாளில் பார்சல் கிடைக்கவில்லை என்றால், ரசீது எண், பதிவு செய்த நாள், பொருள், மதிப்பு ஆகியவற்றோடு ஒரு பக்கக் கடிதத்தைத் தலைமை அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி அதன் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். வணிகத்துக்காகச் சேவை பெறுகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. அந்த விளக்கம் பொருளை மட்டுமே குறிப்பிடுவதால், அதே நியாயம் சேவைக்கும் பொருந்தும் என்று நீங்கள் வாதிட வேண்டியிருக்கும். வீட்டிலிருந்து தாமே கட்டி அனுப்பிப் பிழைக்கிறவர், தம் தொழில் அத்தகையது என்பதை முறையீட்டிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு கூரியர் ரசீதையும் மாதவாரியாகக் கோத்து, இரண்டு ஆண்டு கழியும் வரை வைத்திருங்கள். வெப்பத்தில் அச்சாகும் ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.